மாம்பழம் ராமனால் தின்னப்பட்டதாம்!

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள குமைஞ்சுக்கிட்டிருந்த விஷயம் இது. போன வாரம் அக்கா பொண்ணோட கிராமர் நோட்டைப் பார்த்ததும் பொங்கிருச்சு. கொட்டித் தீர்த்துடறேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க மக்களே.

எட்டாவது படிக்கிறா. ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸா மாத்தச் சொல்லிப் பத்து கேள்வி. ஒன்பது சரி. ஒண்ணுக்கு மட்டும் சிவப்பு மையில சுழி. கேள்வி, 'சம்ஒன் ஸ்டோல் மை சைக்கிள்'. இவ எழுதினது, 'மை சைக்கிள் வாஸ் ஸ்டோலன்'. டீச்சர் பக்கத்துல 'பை சம்ஒன்'னு சேர்த்துட்டு அரை மார்க்கை வெட்டியிருந்தாங்க.

"மாமா, திருடுனா யாரோ ஒருத்தர்தானே திருடியிருப்பாங்க? அதை எதுக்கு தனியா எழுதணும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. ஏன்னா அவ கேட்டது நியாயம். அந்தப் பத்துல இங்கிலீஷ்காரன் வாயில நிஜமா வரக்கூடிய வாக்கியம்னு ஒண்ணு இருந்தா அது இதுதான். அதுக்குத்தான் மார்க் போச்சு!

இப்ப கொசுவத்தி சுத்திக்குங்க. நாமெல்லாம் இதை எப்படிப் படிச்சோம்? 'ராமா ஈட்ஸ் எ மேங்கோ'. ராமனைத் தூக்கிக் கடைசியில போடு. மாம்பழத்தைத் தூக்கி முன்னாடி வை. நடுவுல ஒரு 'இஸ்'. வினைச்சொல்லோட மூணாவது வடிவம். ஒரு 'பை'. 'ஐ' இருந்தா 'மீ', 'ஹி' இருந்தா 'ஹிம்'. முடிஞ்சது, ரெண்டு மார்க். கிட்டத்தட்ட இயற்கணிதம். இந்தப் பக்கம் இருக்கறதை அந்தப் பக்கம் கொண்டு போனா குறி மாறும், அவ்வளவுதான். 1930கள்ல வந்த ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் தொடங்கி இன்னிக்கு பஸ் ஸ்டாண்டு கடையில தொங்குற கைடு வரைக்கும் இந்தப் பயிற்சி இல்லாம ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்.

இதுல சில காமெடி வேற. 'ஓப்பன் தி டோர்'ங்கறதை 'லெட் தி டோர் பி ஓப்பன்ட்'னு மாத்தணும். உலகத்தைப் படைச்ச கடவுள் வேணா அப்படிப் பேசலாம், நம்ம வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு யாரும் பேச மாட்டாங்க. 'ஐ லவ் யூ'வை மாத்தினா 'யூ ஆர் லவ்ட் பை மீ'. தைரியம் இருக்கறவங்க யார்கிட்டயாவது சொல்லிப் பார்த்துட்டு ரிசல்ட்டைப் பின்னூட்டத்துல போடுங்க :-)

காமெடி இருக்கட்டும். என் சண்டை வேற. இந்தப் பயிற்சி பிள்ளைங்க மண்டையில ஒரு பொய்யை ஏத்துது. ரெண்டு வாக்கியமும் ஒண்ணுதான், உருவம்தான் வேறங்கற பொய்.

ஒண்ணு இல்லை. 'இந்த ரூம்ல இருக்கற எல்லாருக்கும் ரெண்டு மொழி தெரியும்'ங்கறதை இங்கிலீஷ்ல ஆக்டிவ்ல சொல்லுங்க. உனக்குத் தமிழும் தெலுங்கும், எனக்குத் தமிழும் இங்கிலீஷும்னு ஆளுக்கு ஒரு ஜோடியா இருக்கலாம். அதையே பாஸிவ்ல திருப்பி, ரெண்டு மொழியை முன்னாடி கொண்டு வந்து வைங்க. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சது அதே ரெண்டு மொழிங்கற மாதிரி காதுல விழும். நான் கண்டுபிடிச்சது இல்லைங்க. நோம் சாம்ஸ்கி 1957லயே இந்த மாதிரி உதாரணம் காட்டிட்டார். நாம இன்னும் ராமனையும் மாம்பழத்தையும் விடலை.

அப்ப பாஸிவ் எதுக்குத்தான்? இதை யாராவது வகுப்புல சொன்னாங்களா? எனக்குச் சொல்லலை. நானா லேட்டா புரிஞ்சுக்கிட்டது இது.

தமிழ்ல 'ராமன் மாம்பழத்தைத் தின்னான்'னு சொல்லலாம். 'மாம்பழத்தை ராமன் தின்னான்'னும் சொல்லலாம். மாம்பழம் எங்க போனாலும் அந்த 'ஐ' உருபு கூடவே போகுது, குழப்பமே வராது. இங்கிலீஷ்ல அந்த வசதி கிடையாது. இடம் மாறினா அர்த்தமே மாறிடும். மாம்பழம் ராமனைத் தின்னுரும்! அதனால, பேச்சு மாம்பழத்தைப் பத்திப் போய்க்கிட்டிருக்கு, அதை முன்னாடி வைக்கணும்னா அவனுக்குப் பாஸிவ் தேவைப்படுது. முல்லைப் பெரியாறு அணையைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்னு வைங்க. 1895ல திறந்த அந்த அணையைக் கட்டினது யாருன்னு சொல்லணும். அப்ப 'தி டேம் வாஸ் பில்ட் பை பென்னிகுவிக்'. அங்க 'பை'க்கு வேலை இருக்கு, ஆள்தான் சேதியே. பேச்சு பென்னிகுவிக்கைப் பத்தினதுன்னா ஆக்டிவ் போதும். வாய்ஸை முடிவு பண்றது முன்னாடி ஓடிக்கிட்டிருக்கற பேச்சு. தனியா ஒரு வாக்கியத்தைப் பிடுங்கிக் கையில கொடுத்து 'மாத்து'ன்னா, குழந்தை எதுக்குன்னு மாத்தும்?

பாஸிவோட இன்னொரு வேலை, ஆளைச் சொல்லாம விடறது. செஞ்சது யாருன்னு தெரியாது, இல்லை தெரிஞ்சாலும் முக்கியமில்லை, இல்லை சொல்ல இஷ்டமில்லை. ராண்டால்ஃப் குவர்க்கும் அவர் சகாக்களும் எழுதின பெரிய இலக்கணத்துல, இங்கிலீஷ் பாஸிவ் வாக்கியங்கள்ல ஏறக்குறைய அஞ்சுக்கு நாலுல செஞ்சவர் பேரே வராதுன்னு சொல்லியிருக்காங்க. அதாவது 'பை' இல்லாததுதான் வழக்கம். நம்ம நோட்டுல 'பை' போடலைன்னா அரை மார்க் அவுட்.

இதுல கொடுமை என்னன்னா, அந்த எட்டாங்கிளாஸ் பொண்ணுக்கு இந்த விஷயம் ஏற்கெனவே தெரியும். தமிழ்ல தினமும் பண்றா. 'கடையைச் சாத்திட்டாங்க'. யாரு? தெரியாது. 'அப்பாவை மதுரைக்கு மாத்திட்டாங்க'. யாரு? யாரோ. 'பைக்கைத் தூக்கிட்டாங்க'. இந்த ஆள் இல்லாத 'ஆங்க' இருக்கே, பேச்சுத் தமிழ்ல பாஸிவோட வேலையை அதுதான் பார்க்குது. 'தி ஷாப் வாஸ் குளோஸ்ட்', 'ஹி வாஸ் டிரான்ஸ்ஃபர்ட்', 'தி பைக் வாஸ் ஸ்டோலன்'. அப்படியே பொருந்துதா இல்லையா? அட, தொல்காப்பியமே சொல்லதிகாரத்துல, செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்றதும் வழக்குதான்னு ஒத்துக்குது. உரைகாரர்கள் திண்ணையை உதாரணம் காட்டுவாங்க. மெழுகினது ஒரு ஆள், ஆனா திண்ணையே மெழுகின மாதிரி பேசறது. இவ்வளவு சொத்தைக் கையில வச்சுக்கிட்டு, 'மாம்பழம் ராமனால் தின்னப்பட்டது'ன்னு ஒரு பயலும் பேசாத தமிழை உண்டாக்கி, அது வழியா இங்கிலீஷ் சொல்லித் தர்றோம்.

'சரிப்பா, வினைச்சொல் வடிவமாவது பழகுதில்ல, அதுல என்ன நஷ்டம்?'னு கேப்பீங்க. நஷ்டம் இருக்கு. என் சொந்தக் கதையே சாட்சி.

சில வருஷம் முன்னாடி அப்பாவுக்கு ஆபரேஷன். மருத்துவக் காப்பீட்டுப் பணத்துக்கு எழுதிப் போட்டோம். ஒரு மாசம் கழிச்சுக் கடுதாசி வந்தது. 'இட் ஹாஸ் பீன் டிசைடட்'னு ஆரம்பிச்சு, உங்க கோரிக்கை ஏற்கப்படவில்லை, விதிகளின்படி பரிசீலிக்கப்பட்டது, வருந்தப்படுகிறதுங்கற ரேஞ்சுல முழுக்க முழுக்கப் பாஸிவ். ஒரு ஆள் பேர் கிடையாது. நான் அதை அப்பாவுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டினேன். 'முடிவு செய்யப்பட்டிருக்கு'ன்னு சொன்னேன்.

அப்பா ஆறாவதோட நின்னவர். அவர் கேட்டார், "யாருடா முடிவு பண்ணினது?"

எனக்குச் சுரீர்னுச்சு. பரீட்சையில நூறு வாக்கியத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் போட்டு முழு மார்க் வாங்கினவன் நான். இல்லாத மாம்பழத்துக்கெல்லாம் 'பை ராமா', 'பை ஹிம்'னு தேடித் தேடி எழுதினவன். நிஜ வாழ்க்கையில 'பை' இல்லாம ஒரு வாக்கியம் வந்து நிக்குது, 'பை ஹூம்?'னு கேக்கத் தோணலை. இலக்கணமா சரியா இருக்குன்னு மடிச்சு உறையில வச்சுட்டேன்!

அன்னிக்கு ராத்திரியே எழுதினேன். முடிவு எடுத்த அதிகாரி யார், எந்த விதிப்படி, எந்தத் தேதியில. மூணே கேள்வி, எல்லாம் ஆக்டிவ்ல. மூணு வாரத்துல பதில் வந்தது. ஒரு பேரும் ஒரு விதி எண்ணும் இருந்தது. விதி எண் தெரிஞ்ச பிறகுதான் சங்கதியே புரிஞ்சது, டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு பக்கம் அவங்க கைக்குப் போய்ச் சேரலை. அனுப்பினோம், பணம் வந்தது. அப்பா கேக்கலைன்னா அந்தப் பணம் போனதுதான்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கோஷ்டி இருக்கு. பாஸிவே கெட்டது, எங்க பார்த்தாலும் ஆக்டிவா மாத்துன்னு சொல்றவங்க. ஜார்ஜ் ஆர்வெல் 1946ல எழுதின கட்டுரையில, ஆக்டிவ் போட முடியற இடத்துல பாஸிவ் போடாதேன்னு ஒரு விதி வச்சார். வேடிக்கை என்னன்னா, பாஸிவைத் திட்டற வாக்கியத்தையே அதே கட்டுரையில பாஸிவ்லதான் எழுதியிருக்கார்! இந்தக் கோஷ்டியும் எனக்கு ஒத்து வராது. ரீகன் 1987 ஜனவரியில ஈரான் ஆயுத விவகாரத்தைப் பத்தி நாடாளுமன்றத்துல பேசும்போது, பெரிய தவறுகள் செய்யப்பட்டுவிட்டனன்னு பாஸிவ்ல நழுவினார். உண்மைதான். ஆனா அதே நாட்டுல யுலிசிஸ் கிராண்ட் 1876ல கடைசி ஆண்டறிக்கையில, தவறுகள் செய்யப்பட்டிருக்கின்றனன்னு அதே பாஸிவ்ல ஆரம்பிச்சு, எல்லாருக்கும் தெரியுது, நானும் ஒத்துக்கறேன்னு முடிச்சார். வாய்ஸ் ஒண்ணுதான், மனுஷங்க வேற.

நம்ம ஊருக்கு வாங்க. 2018 மே மாசம் தூத்துக்குடியில ஸ்டெர்லைட்டை எதிர்த்த போராட்டத்துல 13 பேர் செத்தாங்க. அதை மூணு விதமா எழுதலாம்.

போலீசார் 13 பேரைச் சுட்டுக் கொன்றனர்.

13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர்.

முதலாவது செய்வினை. ரெண்டாவது செயப்பாட்டுவினை. ஆள் இல்லை, ஆனா யாரோ கொன்னாங்கங்கறது மிச்சம் இருக்கு. மூணாவது? நல்லா பாருங்க. 'உயிரிழந்தனர்' செய்வினைதான்! அவங்களே போய் எதையோ தொலைச்ச மாதிரி. மூணுல அதிகமா மறைக்கிறது அந்தச் செய்வினை வாக்கியம்தான். கம்ப்யூட்டர்ல பாஸிவுக்குக் கோடு போடற சோதனை இதைத் தொடாது. ஆக்டிவ், பாஸிவ்னு அடையாளம் கண்டுபிடிக்கிற பிள்ளையும் டிக் அடிச்சுட்டுப் போயிடும். கேக்க வேண்டியது இது எந்த வாய்ஸ்னு இல்லைங்க. செஞ்சது யாரு, அவர் இங்க இருக்காரா, இல்லைன்னா ஏன் இல்லை.

டீச்சர்களை நான் குத்தம் சொல்லலை. ஒரு வகுப்புல அம்பது பிள்ளைங்க, திருத்த அம்பது நோட்டு. திருப்பிப் போடற கணக்குன்னா சரியா தப்பான்னு நொடியில தெரிஞ்சிடும். யோசிக்க வைக்கிற கேள்வியைத் திருத்த நேரம் வேணும். அந்த நேரத்தை அவங்களுக்கு யார் கொடுத்தா? (பாருங்க, இங்கயும் ஆளைக் காணோம்.) கேள்வித்தாள் அமைக்கிறவங்களைத்தான் கேக்கறேன். 'மாத்தி எழுது'ங்கறதைத் தூக்குங்க. பதிலுக்கு ஒரு செய்தி, ஒரு ஆபீஸ் கடுதாசி, ஒரு அறிவியல் குறிப்பு கொடுங்க. 'தி சொல்யூஷன் வாஸ் ஹீட்டட்'ல சூடு பண்ணினது யாருன்னு ஏன் தேவையில்லை? 'யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் பீன் ரிஜெக்டட்'ல ஏன் தேவை? இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைக்கு வாய்ஸ் வந்திடுச்சு. மூணாவது வடிவமெல்லாம் கூடவே வந்திடும்.

அக்கா பொண்ணுகிட்ட கடைசியா இதைத்தான் சொன்னேன். பரீட்சையில 'பை சம்ஒன்' எழுதிரு, அரை மார்க்குக்காக சண்டை வேணாம். ஆனா வெளியில எவனாவது 'பை' இல்லாம ஒரு கடுதாசி கொடுத்தா மட்டும் விடாதே, கேளு.

"யாருன்னு கேக்கணும், அவ்வளவுதானே மாமா? எங்க தாத்தா மாதிரி"ன்னா.

அவ்வளவுதான் தாயி.

டிஸ்கி: இந்தப் பதிவுல ஏதாவது இலக்கணப் பிழை 'செய்யப்பட்டிருந்தால்', செஞ்சது நான்தான். தாராளமா வந்து திட்டலாம்.