காக்கையும் பனம்பழமும்

மழைக்காலம் வந்துவிட்டால் மேற்குத் தாம்பரத்திலும் முடிச்சூரிலும் ஒரு விசித்திரத்தைக் காணலாம். "செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்களாம்" என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியதுதான். வீட்டிலுள்ள அரிசி மூட்டை பரண்மேல் ஏறிவிடுகிறது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி காலை முதல் மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்றிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடித் தண்ணீர் அடையாற்றில் விடப்பட்டது. அதே சமயத்தில் முடிச்சூர் வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. சேர்ந்து நிகழ்ந்தவற்றை மனம் ஒரே நூலில் கோத்துவிட்டது. ஒரு மணியைத் தொட்டால் மற்றொன்றும் அசைகிறது.

ஒன்றுபோல் இருப்பவை, ஒன்றுக்கொன்று மாறானவை, அடுத்தடுத்து நிகழ்ந்தவை ஆகியவற்றை ஞாபகம் பிணைத்து வைக்கிறது என்று அரிஸ்டாட்டில் கூறினார். இந்தச் சக்தி இல்லாவிட்டால் நெருப்பு சுடும் என்பதை நாம் தினந்தோறும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். ஆனால் புகையைக் கண்டு நெருப்பை அறிவதற்கும், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கும் பேதம் உண்டு. சரியான அநுமானம் எது, போலி எது என்பதை மணிமேகலையில் ஒரு காதை விஸ்தாரமாகவே ஆராய்கிறது.

அடையாற்றின் போக்கைச் சற்றுப் பார்ப்போம். ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய ஏரிகளின் உபரி நீரைச் சுமந்துகொண்டு அது முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் கடந்து வருகிறது. செம்பரம்பாக்கத்து நீர் அதனுடன் கலப்பதோ அதற்கும் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில்! சைதாப்பேட்டைக்காரரும் கோட்டூர்புரத்துக்காரரும் செம்பரம்பாக்கத்தைக் கண்டு அஞ்சுவது நியாயம். முடிச்சூருக்கு நேரே வரும் வெள்ளம் வேறு ஏரிகளுடையது. கீழே ஆறு நிறைந்திருந்தால் மேலே வடிவது தாமதமாகலாம். அது வேறு விஷயம்.

வீண் பயத்தினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அரிசி மூட்டையை மறுபடியும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். வீண் தைரியம்தான் ஆபத்து. "செம்பரம்பாக்கம் இன்னும் நிரம்பவில்லை" என்று நிம்மதியாகத் தூங்குகிறவரின் வாசலுக்கு ஆதனூர்த் தண்ணீர் சொல்லாமலே வந்துவிடக் கூடும்.

பட்ட கஷ்டத்தை மறந்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அடுத்த மழைக்குமுன், அந்த ஞாபகத்தைத் தண்ணீர் வருகிற வழியோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.