சுகமான வழி எது?

"சுகமாகப் போகலாம்." எங்கள் ஊரில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் உப முகவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இதைச் சொல்லிவிடுவார். பணியகம், பயிற்சி, பதிவு என்று ஏன் அலைய வேண்டும்? விசிட் விசாவில் போனால் ஒரு கிழமையில் டுபாயில் நிற்கலாம். அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றித் தருவோம். இவைதான் அவர் சொல்லும் காரணங்கள்.

என் சாச்சிக்கும் இப்படித்தான் சொன்னார்கள். அப்போது நான் ஒன்பதாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சாச்சா கடலுக்குப் போக முடியாமல் நோயாளியாகிவிட்டார். இரண்டு பிள்ளைகள். கடைக் கொப்பியில் கடன் ஏறிக்கொண்டே போனது. சாச்சி போகத் தீர்மானித்ததை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். போன விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"குடிவரவு அதிகாரி கேட்டால், ராத்தாவைப் பார்க்கப் போறன் எண்டு சொல்லுங்க" என்று முகவர் சொல்லிக் கொடுத்திருந்தார். சாச்சிக்கு ஒரேயொரு ராத்தாதான் இருக்கிறார். அவர் என் உம்மா. அந்த நேரம் உம்மா கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

சாச்சி ஒரு தடையும் இல்லாமல் எல்லையைக் கடந்தார். கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இறங்கிய அன்றே கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டார்கள். பல பெண்களோடு ஓர் அறையில் இருக்க வைத்து, வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கப் பார்க்க அனுப்பினார்கள். மூன்று வீடுகள் மாறினார். கடைசி வீட்டில் சம்பளமே இல்லை. முறைப்பாடு செய்யவும் வழியில்லை. விருந்தாளியாக வந்தவர் அங்கே வேலை செய்வதே குற்றம். விசாவின் நாட்கள் முடிந்த பிறகு தங்கியிருப்பதும் குற்றம். சம்பளம் கேட்டுப் போனால் முதலில் அவர்தான் குற்றவாளி. ஏழு மாதத்தில் உம்மாவின் காப்பு அடகுக் கடைக்குப் போய், அபராதமும் டிக்கெட்டும் கட்டி, அவர் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். காப்புறுதி கிடைக்குமா என்று விசாரித்தோம். பதியாமல் போனவருக்கு அது இல்லை என்றார்கள்.

இங்கே ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். விசா என்பது கடவுச்சீட்டில் ஒட்டும் வெறும் தாளல்ல. நீங்கள் யார் என்று அந்த நாட்டுக்குச் சொல்லும் வாக்குமூலம் அது. விசிட் விசா உங்களை விருந்தாளி என்கிறது. வேலை விசா உங்களைத் தொழிலாளி என்கிறது. தொழிலாளிக்காக எழுதப்பட்ட சட்டம் விருந்தாளிக்குக் கை கொடுக்காது. குவைத்தில் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர்களுக்கென 68ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு, சம்பளத்துடன் வருடாந்த விடுமுறை என்று அது சொல்கிறது. எல்லா வீட்டிலும் அப்படியே நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நடக்காதபோது காட்டிக் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது.

நமது நாட்டிலும் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. வேலைக்குப் போகிறவர் புறப்பட முன் அங்கே பதிய வேண்டும். பதிந்தால் காப்புறுதி உண்டு. அனுப்பிய முகவர் நிலையம் உரிமம் உள்ளதாக இருந்தால் அதைப் பதில் சொல்லக் கூப்பிடலாம். எல்லாவற்றையும் விட, இந்தப் பெண் இன்ன நாட்டில், இன்னாரிடம் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கும். என் சாச்சி ஏழு மாதம் எங்கே இருந்தார் என்று நமது நாட்டின் எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

இது என் சாச்சியோடு முடிந்த கதையல்ல. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஓமானில் சிக்கித் தவித்த இலங்கைப் பெண்களின் செய்தியைப் படித்திருப்பீர்கள். அவர்களில் பலர் போனதும் விசிட் விசாவில்தான். படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கணினி வேலை என்று நம்பி, சுற்றுலா விசாவில் தாய்லாந்து போன நம் நாட்டு இளைஞர்கள், அங்கிருந்து ஆற்றைக் கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடி மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள்.

மூதூர் றிஸானா நபீக்கை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. பிறப்புச் சான்றிதழின்படி அவர் 1988இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் 1982 என்று மாற்றி, 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்கு 17 வயது. இன்று எனக்கும் அதே வயதுதான். அந்தக் கூட்டிய வயது அவரை எல்லையைக் கடக்க வைத்தது. ஆனால் அவர் பராமரித்த குழந்தை இறந்து வழக்கு வந்தபோது, அவர் சிறுமி என்ற வாதத்துக்கு எதிராக நின்றதும் அதே கடவுச்சீட்டுத்தான். 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதைத் திருத்தியவர் அவரோடு சிறையில் இருக்கவில்லை. பொய்த் தாள் வாசலைத் திறந்துவிடும். உள்ளே போன பிறகு நமக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

கடந்த வருடம் சாச்சி மீண்டும் புறப்பட்டார். இந்தத் தடவை குவைத். உரிமம் உள்ள முகவர் நிலையம், பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, பதிவு என்று இரண்டரை மாதம் ஆனது. அலைச்சல் உண்மைதான். ஓர் அலுவலகத்தில் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. எழுதித் தர ஆள் தேடி இரண்டு தடவை பஸ் ஏறினோம். நல்ல வழி கடினமாக இருக்கும்போதுதான் ஆட்கள் பின்கதவைத் தேடுகிறார்கள் என்பதையும் பொறுப்பானவர்கள் யோசிக்க வேண்டும்.

ஓர் இரவு சாச்சி உடன்படிக்கையை என் முன்னால் வைத்தார். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபு. "நீ ஓதின புள்ளதானே. இதில என்ன எழுதிருக்கு எண்டு சொல்லு" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஐந்து வயதிலிருந்து அரபு எழுத்தை ஓதுகிறேன். உயர்தரத்துக்கு அரபை ஒரு பாடமாகவும் எடுத்திருக்கிறேன். ஆனால் ஸபர், ஸேர் இல்லாத அந்த வரிகளை என்னால் கூட்டி வாசிக்கவே முடியவில்லை. ஆங்கிலத்தை அகராதி வைத்துப் படித்தேன். அரபை மறுநாள் எங்கள் அரபு ஆசிரியையிடம் கொண்டுபோனேன். முகவர் நிலையத்தில் வாயால் சொன்ன சம்பளத்தை விட, தாளில் பத்து தினார் குறைவாக இருந்தது. சாச்சி போய்க் கேட்டார். திருத்திக் கொடுத்தார்கள். கேட்காவிட்டால் இரண்டு வருடமும் மாதம் பத்து தினார் போயிருக்கும்.

கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். ஸூரா பகராவில் இருக்கிறது. அதை நாம் அழகாக ஓதுகிறோம். நமது வீட்டுப் பெண்கள் மட்டும் வாசிக்காத தாளில் கையொப்பம் வைக்கிறார்கள்.

பெண்கள் தனியே வெளிநாடு போவதே சரியில்லை, அதற்கு வழி சொல்லிக் கொடுக்கிறாயா என்று சிலர் கேட்கலாம். அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் கடைக் கொப்பியின் கடனை அந்தப் பேச்சு அடைக்காது. போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். "போகாதே" என்று சொல்லிவிட்டு நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவர்களோடு பேச மிஞ்சுவது உப முகவர் மட்டும்தான்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான். யார் வந்து ஆள் கேட்டாலும் முகவர் நிலையத்தின் உரிம இலக்கத்தைக் கேளுங்கள். அது உண்மையா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். விசாவில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்தவரிடம் காட்டுங்கள். வயதை ஒரு நாள்கூடக் கூட்டவோ குறைக்கவோ விடாதீர்கள். கடவுச்சீட்டு, விசா, உடன்படிக்கை மூன்றின் பிரதிகளும் வீட்டில் இருக்கட்டும். விமான நிலையத்தில் பொய் சொல்லப் பழக்குகிறார்கள் என்றால், அந்தப் பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

என் தோழியரிடமும் ஒன்று கேட்கிறேன். நம்மிடம் தமிழும் ஆங்கிலமும் அரபும் கொஞ்சம் சிங்களமும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆசிரியைகளின் மேற்பார்வையில், நமது கல்லூரி நூலகத்தில் ஒரு மேசை போடலாம். ஊர்ப் பெண்கள் தங்கள் தாள்களைக் கொண்டு வரட்டும். நாம் வாசித்துச் சொல்லுவோம். விளங்காததை ஆசிரியைகளிடம் கேட்டுச் சொல்லுவோம்.

இரண்டாம் தடவை விமான நிலையத்தில் என்ன கேட்டார்கள் என்று சாச்சியிடம் தொலைபேசியில் விசாரித்தேன். "எதற்குப் போறீங்க எண்டு கேட்டாங்க. வேலைக்கு எண்டு சொன்னன். அவ்வளவுதான்" என்றார். முதல் தடவை அந்த மேசையடியில் கால் நடுங்கியதாம். இந்தத் தடவை நடுங்கவில்லையாம். சுகமாகப் போவது என்றால் இதுதான்.