'பூச்சி மருந்து' என்று சொல்லலாமா?

உயிரைக் காப்பது மருந்து. உயிரைக் குடிப்பது விஷம். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் வயலில் தெளிக்கும் விஷத்துக்கு மட்டும் "மருந்து" என்று பெயர்! "கத்தரிக்கு மருந்து அடித்தாயா?", "கடைக்குப் போய் மருந்து வாங்கி வா" என்றுதான் ஊரெல்லாம் பேசுகிறார்கள்.

வெறும் பெயர்தானே என்று நினைக்கலாம். அந்தப் பெயர் செய்கிற கெடுதல் கொஞ்சம் அல்ல. மருந்து என்று சொன்னவுடன் பயம் போய் விடுகிறது. பயம் போனதும் அந்த டப்பா வீட்டுக்குள் வந்து விடுகிறது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொள்கிறது. காலியான பிறகு அதையே கழுவி, எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்கிறார்கள்.

இதனால் எத்தனை உயிர்கள் போயின தெரியுமா?

கப்பலில் வந்த எமன்

1958-ம் ஆண்டில் கேரளத்தில் ஒரு பெரிய விபரீதம் நடந்தது. ரொட்டியும் பலகாரமும் சாப்பிட்டவர்கள் திடீர் திடீர் என்று மயங்கி விழுந்தார்கள். வாயில் நுரை தள்ளியது. மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. கேரளத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அப்போதைய சென்னை ராஜ்யத்திலும் சிலர் பலியானார்கள்.

காரணம் என்ன? கோதுமை மாவு வந்த கப்பலிலேயே பூச்சிக்கொல்லி விஷமும் வந்தது. அதன் பெயர் பாராத்தியான். கிராமங்களில் "பாலிடால்" என்று சொல்வார்களே, அதுதான். வழியில் விஷம் ஒழுகி, உணவில் கலந்து விட்டது.

அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைத்தது. அதன் பயனாக 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. விஷத்தை எப்படி விற்பது, எப்படி வைப்பது, எப்படி அனுப்புவது என்றெல்லாம் விதிகள் வந்தன.

சட்டம் வந்தது. பழக்கம் மாறியதா?

23 பிஞ்சுகள்

2013-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி. பீகார் மாநிலம், சரண் மாவட்டம். ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் மதிய உணவு சாப்பிட்டார்கள். சிறிது நேரத்தில் வயிற்றைப் பிடித்துக் கொண்டு துடித்தார்கள். 23 குழந்தைகள் இறந்து போனார்கள்.

சமையல் எண்ணெயைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் மோனோகுரோட்டபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. விஷம் இருந்த டப்பாவில் எண்ணெயை ஊற்றி வைத்திருக்க வேண்டும் என்று அதிகாரிகள் கருதினார்கள்.

1958-ல் கப்பலில் நடந்த அதே தவறு! 55 ஆண்டுகள் கழித்து, பள்ளிக்கூடத்துச் சமையல் கட்டில் நடந்தது. உணவும் விஷமும் ஒரே இடத்தில் இருந்தன. அவ்வளவுதான்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

பாராத்தியான், மோனோகுரோட்டபாஸ் இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்த விஷங்கள். இவை நரம்பைத் தாக்குகின்றன.

கையைத் தூக்க வேண்டும் என்றால், "சுருங்கு" என்று தசைக்கு நரம்பு உத்தரவு போடுகிறது. வேலை முடிந்ததும் அந்த உத்தரவை அழிப்பதற்கு உடம்பில் ஒரு பொருள் இருக்கிறது. இந்த விஷம் அந்தப் பொருளை முடக்கி விடுகிறது. உத்தரவு நிற்காமல் போய்க் கொண்டே இருக்கிறது. எச்சில் வழிகிறது. வேர்வை கொட்டுகிறது. கண்ணின் பாப்பா சுருங்குகிறது. தசைகள் துடித்துத் துடித்துச் சோர்ந்து போகின்றன. கடைசியில் மூச்சு நிற்கிறது.

பூச்சி சாவதும் இப்படித்தான். மனிதன் சாவதும் இப்படித்தான். பூச்சிக்கு ஒரு துளி போதும். மனிதனுக்குக் கொஞ்சம் அதிகம் வேண்டும். வித்தியாசம் அது ஒன்றுதான்!

இதைக் குடித்தால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். தோல் வழியாகவும் உள்ளே போகும். மூச்சு வழியாகவும் போகும். 2017-ல் மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்த விவசாயிகளும் கூலி ஆட்களும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் உழைக்கப் போனவர்கள். வேலைதான் அவர்கள் உயிரை வாங்கியது.

வானத்தில் இருந்து பெய்த விஷம்

சில விஷங்கள் உடனே கொல்வதில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் நெடுநாள் தங்கும். எண்டோசல்பான் அப்படிப்பட்டது.

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசாங்கத்துக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே சுமார் 20 ஆண்டுகள், 2000-ம் ஆண்டு வரை, ஹெலிகாப்டரில் இருந்து எண்டோசல்பானைத் தெளித்தார்கள். தோட்டத்தை ஒட்டி வீடுகள். வீட்டுக்குப் பக்கத்தில் திறந்த கிணறுகள். அந்தக் கிராமங்களில் ஊனத்தோடு பிறந்த குழந்தைகளையும், மூளை வளராத குழந்தைகளையும் மடியில் வைத்துக் கொண்டு தாய்மார்கள் நியாயம் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களை அரசாங்கமே பட்டியலில் சேர்த்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. 2017-ல், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு ரூ.5 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது.

பணம் வந்தால் போன கால் வருமா? பேச்சு வருமா?

விவசாயி என்ன செய்வான்?

"பூச்சி தின்று விட்டால் விவசாயி எங்கே போவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு இந்தோனேசியா பதில் சொல்லியிருக்கிறது.

அங்கே நெல்லைப் புகையான் பூச்சி தாக்கியது. விஷம் தெளித்தார்கள். புகையான் குறையவில்லை, பெருகியது! ஏன்? வயலில் இருந்த சிலந்திகள் புகையானைப் பிடித்துத் தின்று வந்தன. விஷம் அந்தச் சிலந்திகளைக் கொன்று விட்டது. காவல்காரனைக் கொன்று விட்டுக் கதவைத் திறந்து வைத்த கதை!

1986-ல் அந்த நாட்டு அரசாங்கம் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தெளிக்கக் கூடாது என்று தடுத்தது. எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி என்று விவசாயிகளுக்கு வயலிலேயே பாடம் நடத்தியது. விளைச்சல் விழுந்து விடவில்லை. விஷத்துக்குக் கொட்டிய பணம்தான் மிச்சமானது.

சிலந்தி, தட்டான், தவளை, பொறிவண்டு எல்லாம் சம்பளம் வாங்காத வேலையாட்கள். தேனீ இல்லாவிட்டால் பல செடிகளில் பூ சரியாகக் காய்க்காது. மண்புழு இல்லாவிட்டால் மண் இறுகிப் போகும். விஷத்துக்கு நண்பன், பகைவன் என்ற வித்தியாசம் தெரியாது. தெளிக்கிறவனுக்குத்தான் தெரிய வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

விஷ டப்பாவைச் சமையல் அறைப் பக்கமே கொண்டு வரக் கூடாது. தனிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். குழந்தைகளுக்கும், மனம் உடைந்து நிற்பவர்களுக்கும் அது கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் பிழைக்கும்.

காலி டப்பாவில் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் சரி, கூடாது! மறுபடி பயன்படாதபடி ஓட்டை போட்டு விட வேண்டும்.

டப்பாவின் மேல் சாய்ந்த சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். அதில் சிவப்பு இருந்தால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். அதற்கு அடுத்தது நீலம். பிறகு பச்சை. பச்சை என்றால் பயம் இல்லை என்று அர்த்தம் அல்ல. அதுவும் விஷம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

வெறும் உடம்போடு தெளிக்கக் கூடாது. காற்றுக்கு எதிராக நின்று தெளிக்கக் கூடாது. நடுவில் வெற்றிலை, பீடி கூடாது. தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும். அதற்கு முன்னால் பறித்துச் சந்தைக்கு அனுப்புவது பெரும் பாவம்.

கடையில் வாங்கிய காய்கறிகளை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மேலே ஒட்டிய விஷம் இதனால் குறையும். உள்ளே ஊறிய விஷம் போகாது. அதை வயலில்தான் தடுக்க முடியும்.

தெளிக்கும்போது தலை சுற்றினால், உடனே உடைகளைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். டப்பாவையும் கூடவே எடுத்துப் போனால், எந்த விஷம் என்று டாக்டருக்குத் தெரியும்.

பெயரை மாற்றுங்கள்!

இவ்வளவையும் வீட்டுக்காரரும் விவசாயியும் மட்டும் செய்தால் போதாது. டப்பாவில் எச்சரிக்கையைப் பொடி எழுத்தில் போடும் கம்பெனிகள், "விஷம்" என்று கொட்டை எழுத்தில் தமிழில் போட வேண்டும். "இந்த மருந்து அடி, அந்த மருந்து அடி" என்று சொல்லும் கடைக்காரரும், விவசாய அதிகாரியும் பேச்சை மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

"அப்பா வயலுக்கு விஷம் வாங்கி வந்திருக்கிறார்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். அந்த டப்பாவை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?