உங்கள் காசுக்கு எஜமான் யார்?



சட்டைப்பையில் இருக்கும் 500 ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குறுதி தந்திருக்கிறார். இதை வைத்திருப்பவருக்கு ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்பதே அந்த வாக்குறுதி. வைத்திருப்பவர் எந்த ஊர், எந்த மதம், எந்தக் கட்சி என்ற கேள்வியே அதில் இல்லை! யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அது செல்லும். வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இந்த ஒன்றுதான் ஆட்சியாளர்களின் கண்ணை உறுத்துகிறது.

2016 நவம்பர் 8 இரவை எந்த வியாபாரியாவது மறந்திருக்க முடியுமா? எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவு முதல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார். நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் நான்கு மணி நேரத்தில் வெறும் காகிதமானது. சொந்தப் பணத்தை எடுக்க மக்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். மாற்ற வந்தவர்களின் விரலில் ஓட்டுப் போட்டவர்களுக்கு வைப்பதுபோல மை வைத்தார்கள்! வாரக் கூலி கொடுக்கப் பணமில்லாமல் பட்டறைகள் நின்றன. கடனுக்குச் சரக்குப் போட்ட மொத்த வியாபாரி தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

எதற்காக இத்தனையும்? கறுப்புப் பணத்தை ஒழிக்க என்றார்கள். அன்று மாலை கூடிய ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழுவே, கறுப்புப் பணத்தில் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, நிலமாகவும் தங்கமாகவும் இருக்கிறது என்று பதிவு செய்திருக்கிறது. பின்னாளில் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்த உண்மை இது. முடிவு என்ன? செல்லாததாக்கிய 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது என்று 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. 99.3 சதவீதம்! மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. அந்த எலியும் கிடைக்கவில்லை.

உடனே பாட்டு மாறியது. முதல் நாள் உரையில் இல்லாத 'ரொக்கமில்லாப் பொருளாதாரம்' நவம்பர் 27 வானொலி உரையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கொடுத்த வாக்கையாவது காப்பாற்றினார்களா? டிசம்பர் 30க்குள் கட்ட முடியாதவர்கள் 2017 மார்ச் 31 வரை ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் கட்டலாம் என்று அந்த முதல் உரையிலேயே பிரதமர் சொன்னார். ஆனால், கடைசி நேரத்தில் வந்த அவசரச் சட்டம், அந்தச் சலுகை அந்நாட்களில் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் என்றது. பாட்டி முந்தானையில் முடிந்து வைத்த நோட்டுகள் போனவைதான். அதற்கு மேல், அந்தப் பழைய நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருந்தால் குறைந்தது 10,000 ரூபாய் அபராதம் என்று 2017இல் சட்டமே வந்தது. வாக்குறுதி கொடுத்தவன் ஏமாற்றினான், அதை நம்பியவனுக்கு அபராதம்!

2023 ஜனவரி 2இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் இதைச் செல்லும் என்றது. அந்த ஒருவர் நீதிபதி நாகரத்னா. நாடாளுமன்றம் வழியாகச் செய்திருக்க வேண்டியது என்று அவர் மட்டும் எழுதினார்.

சரி, பழைய கதையை ஏன் கிளற வேண்டும் என்கிறீர்களா? அடுத்த முறை வரிசையில் நிற்கக்கூட வேலை இருக்காது என்பதால்தான்.

யூபிஐ வசதியானது, மறுக்கவில்லை. சில்லறைத் தொல்லை இல்லை, கள்ள நோட்டுப் பயம் இல்லை. ஆனால் உங்கள் கல்லாப்பெட்டிச் சாவி இப்போது யார் கையில்? இணைய மோசடியில் பணம் பறித்தவன் உங்கள் கடையில் வந்து முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கி செல்போனில் கட்டிவிட்டுப் போகிறான். எங்கோ வடமாநிலக் காவல் நிலையத்திலிருந்து வங்கிக்கு ஒரு கடிதம் வருகிறது. முந்நூறு ரூபாய்க்காக உங்கள் கணக்கு முழுவதும் முடக்கம்! கேரளத்தில் இப்படிச் சிக்கிய பலர் நீதிமன்றம் போனார்கள். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும்தான் முடக்கலாம் என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. வழக்குப் போட வசதியில்லாதவர் கதி?

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததையும் பாருங்கள். யூபிஐ வரவை மட்டும் கூட்டிப் பார்த்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பினார்கள். ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு 29 லட்சம்! பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது என்பது நோட்டீஸ் அனுப்பியவருக்குத் தெரியாதா? 'ரொக்கம் மட்டும்' என்று பெங்களூரில் கடைக்குக் கடை அட்டை தொங்கிய பிறகுதான் அரசு இறங்கி வந்தது.

2024 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய வேளையில், காங்கிரஸ் கட்சியின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித்துறை முடக்கியது. தீர்ப்பாயத்துக்கு ஓட அவர்களிடம் வக்கீல்கள் இருந்தார்கள். நாட்டின் பெரிய எதிர்க்கட்சிக்கே இந்தக் கதி என்றால் ஒரு மஹல்லா ஜமாஅத்தின் கணக்கு எம்மாத்திரம்?

2019 ஆகஸ்ட் 5 முதல் காஷ்மீரில் இணையத்தை அறுத்துப் போட்டார்களே, அப்போது அங்கே அரிசி வாங்க எது உதவியது? செல்போனா? கையில் இருந்த ரொக்கம்தான்!

இதையெல்லாம் மிஞ்சும் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாயை ரிசர்வ் வங்கி சோதித்து வருகிறது. இந்தப் பணம் எத்தனை நாளைக்குச் செல்லும், எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று முன்கூட்டியே அதில் நிபந்தனை எழுதி வைக்க முடியும் என்று 2024 பிப்ரவரியில் அந்த வங்கியே அறிவித்தது. மானியம் சரியாகப் போய்ச் சேரத்தான் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நாள் குறிக்கத் தெரிந்தவனுக்கு ஆள் குறிக்கத் தெரியாதா? இந்தக் கடையில் செல்லாது, இந்த ஊரைத் தாண்டினால் செல்லாது என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

வரி ஏய்க்க வழி சொல்கிறோம் என்று சிலர் கூப்பாடு போடுவார்கள். வரியைக் கட்டுங்கள், பில் போடுங்கள், கணக்கை ஒழுங்காக வையுங்கள். ஒழுங்கான கணக்குதான் உங்கள் கேடயம். அதோடு, ரொக்கம் கொண்டு வரும் வாடிக்கையாளரை முகம் சுளித்துத் திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டு வாரக் கொள்முதலுக்கும் கூலிக்குமான பணம் எப்போதும் கைவசம் இருக்கட்டும். முழு வியாபாரத்தையும் ஒரே வங்கிக் கணக்கில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். 'அண்ணே, ஜிபே போடுறேன், கேஷ் கொடுங்க' என்று வரும் முகம் தெரியாதவருக்கு ரொக்கம் மாற்றித் தராதீர்கள். கணக்கு முடக்கப்பட்டால் வங்கி மேலாளரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல், எந்தக் காவல் நிலையம், எந்த வழக்கு எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.