கூலி வாங்குவது இழிவா?

ரக்பி என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இங்கிலீஷ் விளையாட்டு. அதை நடத்தி வந்த சங்கத்தார், ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது, வாங்கினால் ஆட்டத்தின் புனிதம் கெட்டுவிடும் என்று சட்டம் செய்து வைத்திருந்தார்கள். கேட்பதற்கு இது மிக உயர்ந்த கொள்கையாகத்தான் தோன்றும். ஆனால் இதனால் நஷ்டமடைந்தவர்கள் யார்? சொத்துள்ள கனவானுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யார்க்ஷயர், லங்காஷயர் ஜில்லாக்களின் மில் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் வேலையை விட்டு ஆடப் போனால் அன்றையக் கூலி போய்விடும். அந்த நஷ்டத்தையாவது ஈடு செய்யுங்கள் என்று கேட்டதற்கு 1893-ல் சங்கம் மறுத்துவிட்டது. ஆகவே வடபகுதிக் கிளப்புகள் 1895 ஆகஸ்டு 29-ந் தேதி ஹட்டர்ஸ்பீல்டில் கூடி, "நார்தர்ன் யூனியன்" என்ற தனிச் சங்கம் கண்டு, நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை ஈடு கொடுக்க இசைந்தன. 1922 முதல் ரக்பி லீக் என்ற பெயர் கொண்டது இதுவேயாகும்.

நிற்க, பழைய சங்கத்தாரின் யோக்கியதையை அறிய ஜேம்ஸ் பீட்டர்ஸ் என்பவரின் சரித்திரம் ஒன்றே போதும். இவர் 1879-ல் சால்போர்டில் பிறந்த கறுப்பர். அனாதை விடுதியில் வளர்ந்து தச்சு வேலை கற்றவர். 1906 மார்ச்சில் ஸ்காட்லாந்தோடு நடந்த ஆட்டத்தில், இங்கிலாந்துக்காக ஆடிய முதல் கறுப்பர் என்ற பெயர் பெற்றார். அவ்வருஷமே தென்னாப்பிரிக்க வெள்ளையர் அணி இங்கிலாந்துக்கு வந்தது. டெவன் ஜில்லா அணியில் பீட்டர்ஸ் இருப்பதைக் கண்டு அவர்கள் ஆட மறுத்து, பலர் சமாதானம் சொன்ன பிறகே மைதானத்தில் இறங்கினார்கள். டிசம்பரில் அவர்களோடு இங்கிலாந்து ஆடியபோது பீட்டர்ஸுக்கு இடமில்லை. மறு வருஷம் ஸ்காட்லாந்தோடு ஆட இடம் கிடைத்தது! இடையில் மாறியது அவருடைய ஆட்டமா என்று நாம் கேட்கிறோம்.

1910-ல் டெவன்போர்ட் கப்பல் கட்டும் தளத்தில் நேர்ந்த விபத்தில் பீட்டர்ஸ் மூன்று விரல்களை இழந்தார். தச்சனுக்கு விரல் போனால் பிழைப்பில் பாதி போயிற்று என்று அர்த்தம். அப்படிப்பட்டவரை, பணம் வாங்கினார் என்று சொல்லி 1912-ல் சங்கம் விலக்கி வைத்தது. நிறத்துக்காக அவர் ஒதுக்கப்பட்டபோது கெடாத புனிதம், நாலு காசில் கெட்டுவிட்டதாம்!

பீட்டர்ஸ் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1913-ல் பாரோ அணியிலும் பிறகு செயின்ட் ஹெலன்ஸ் அணியிலும் சேர்ந்து பகிரங்கமாகக் கூலி வாங்கி ஆடினார். ஆனால் அப்போது அவருக்கு வயது 34. உழைப்புக்குக் கூலி கிடைத்த காலம் கொஞ்சமே.

1995 ஆகஸ்டில் பழைய ரக்பியிலும் காசு வாங்கலாம் என்று தீர்மானமாயிற்று. நூறு வருஷம் பாவமாக இருந்தது ஒரே நாளில் நியாயமாகிவிட்டது. அப்படியானால் பாவம் பணத்தில் இருந்ததா, அல்லது கேட்டவன் தொழிலாளியாக இருந்ததில் இருந்ததா? யாராவது உழைப்பவனைப் பார்த்துக் கூலி கேட்பது இழிவு என்று உபதேசித்தால், உபதேசிப்பவரின் வயிறு எதனால் நிரம்புகிறது என்பதை முதலில் விசாரியுங்கள்.