சுட அனுமதி கொடுத்தாயிற்று, எந்தத் தோட்டாவால்?

காட்டுப்பன்றியைச் சுடலாமா கூடாதா என்ற வழக்கு தமிழ்நாட்டில் ஒருவாறு முடிந்துவிட்டது. 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் முடிவை அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நடமாடும் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். கேரளம் இதற்கு முன்பே, 2022இல், சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்துவிட்டது. மக்காச்சோளமும் மரவள்ளியும் நிலக்கடலையும் ஓர் இரவில் புரட்டிப்போடப்படுவதைப் பார்த்து நொந்த விவசாயிகள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்ற அனுமதி இது. அதை நான் எதிர்க்கவில்லை. எங்கே சுடுவது, யார் சுடுவது என்று நாம் பேசிய அளவுக்கு எதைக் கொண்டு சுடுவது என்று பேசவில்லையே என்பதுதான் என் கவலை. அனுமதி எவ்வளவு முக்கியமோ, துப்பாக்கியும் தோட்டாவும் அவ்வளவு முக்கியம். இரண்டையும் விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.

கருவி இரைக்குப் பொருந்த வேண்டும் என்பதைக் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் வஞ்சிரத்துக்குப் போகிற படகில் கவலை மீன் வலையை ஏற்ற மாட்டார்கள். வலைக் கண் சிறுத்தால் மீன் முட்டித் திரும்பிவிடும், பெருத்தால் நுழைந்து போய்விடும். அளவாக இருந்தால்தான் தலை நுழைந்து செவுள் மாட்டும். துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தான். ஆனால் வலை பொருந்தாவிட்டால் மீன் பிழைத்துக்கொள்கிறது. தோட்டா பொருந்தாவிட்டால் விலங்கு குடல் கிழிந்தோ தாடை உடைந்தோ புதருக்குள் ஓடி, நாள்கணக்கில் கிடந்து சாகிறது. சாகாவிட்டால் ஊனத்தோடும் வெறியோடும் அதே வயல்வெளியில் திரிகிறது.

பன்றியின் உடம்பைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விஷயம் விளங்கும். நன்கு வளர்ந்த ஆண் நூறு கிலோவைத் தாண்டும். ஆண்கள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் குத்திச் சண்டையிடுவதால், தோளையும் விலாவையும் மூடித் தடித்த, இறுகிய திசு வளர்ந்திருக்கும். இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதால் விலங்கு இருப்பதைவிட உயரமாகத் தெரியும். உடம்பின் நடுவே குறிவைத்ததாக நம்பிச் சுடுகிறவரின் குண்டு பல சமயம் முதுகெலும்பை ஒட்டிய சதையைத் துளைத்துவிட்டுப் போய்விடும். அந்தத் தடித்த தோலையும் விலா எலும்பையும் கடந்து, நுரையீரலிலோ இதயத்திலோ அகலமான காயத்தை உண்டாக்குகிற குண்டுதான் விலங்கைச் சில நொடிகளில் வீழ்த்தும்.

நம் கிராமங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கி என்றால் பெரும்பாலும் 12 போர்தான். அதில் பன்றிக்கென்று பலரும் போடுவது எல்.ஜி. தோட்டா, அதாவது பெரிய ஈய ரவைகள் அடைத்தது. ஒரு ரவையின் எடை சுமார் நாலரை கிராம். குழல் வாயிலிலேயே அதற்கு ஏறக்குறைய 300 ஜூல் ஆற்றல்தான் இருக்கும். தூரம் போகப்போக அதுவும் குறையும், ரவைகளும் சிதறும். நாற்பது மீட்டரில் ஒன்று தோளில் படும், ஒன்று வயிற்றில் படும், மற்றவை எங்கே போயின என்று சுட்டவருக்கே தெரியாது. பின்னால் நிற்கிற குட்டிகளும் அடிபடும். நாட்டுத் துப்பாக்கி இதைவிட மோசம். பன்றியைச் சாகடிக்கும் வேகம் அதில் இல்லை, காயப்படுத்தும் வேகம் மட்டும் இருக்கிறது.

காயத்தோடு தப்பிய விலங்கால் என்ன நேரும் என்பதற்குக் குமாவுன் மலையில் ஒரு பழைய சாட்சி உண்டு. 1907இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. அது பழைய துப்பாக்கிக் காயம் என்றும், இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதர்களைத் தேடி வந்தது என்றும் கார்பெட் எழுதினார். பன்றி ஆட்கொல்லி ஆகப்போவதில்லை. ஆனாலும் குண்டு பட்ட பன்றி படுத்திருக்கும் கரும்புத் தோட்டத்தில் மறுநாள் காலையில் கால்வைக்கப் போவது துப்பாக்கி பிடித்தவர் அல்ல, சோகை உரிக்க வருகிற கூலிப் பெண்கள்.

இன்னொரு சிக்கல், சீருடைக்காரர்கள் கையில் இருக்கும் தோட்டாவிலேயே இருக்கிறது. ராணுவத் துப்பாக்கிக் குண்டு முழுவதும் உலோக உறை போட்டது. உடம்புக்குள் விரியாமல் ஊசித் துளையிட்டு மறுபக்கம் போய்விடும். உள்ளே விரியும் குண்டு நம் நாட்டில்தான், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் செய்யப்பட்டு அந்தப் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் அதைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி கூறின. போர்க்களத்தில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும், மருத்துவர் அவரைக் காப்பாற்றலாம். விலங்குக்கு மருத்துவர் வரப்போவதில்லை. விரைவாகச் சாவதுதான் அதற்குக் கிடைக்கக்கூடிய ஒரே கருணை. ஆகவே பன்றிக்கு நுனி மென்மையான, உள்ளே விரியும் குண்டுதான் சரி. உறை போட்ட தோட்டாவைப் பயிர்க்காவலுக்கு எடுக்கவே கூடாது.

பெரிய விலங்குகளைச் சுடுவதைப் பன்னெடுங்காலமாகப் பழகிய நாடுகள் இதையெல்லாம் சுடுகிறவரின் விருப்பத்துக்கு விடவில்லை. ஸ்வீடனில் மூஸ் என்ற பேருருவ மானைச் சுடக் குண்டின் எடை 9 கிராமுக்குக் குறையக் கூடாது, நூறு மீட்டரில் அதன் ஆற்றல் 2700 ஜூல் இருக்க வேண்டும். குண்டு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2000 ஜூல் போதும். மூஸ் வேட்டை என்றால் காயப்பட்ட விலங்கைத் தேடப் பழகிய நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வரும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். நார்வேயில் பெரிய விலங்கைச் சுட விரும்புகிறவர் ஒவ்வோர் ஆண்டும் நூறு மீட்டர் தூரத்தில் ஐந்து குண்டுகளை 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் போட்டுக் காட்ட வேண்டும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் குழல் அளவையும் ஆற்றலையும் வரையறுத்து, விரியும் குண்டைக் கட்டாயமாக்குகிறது. புதுச்சேரிக்காரர்கள் பலருக்கு உறவும் ஓய்வூதியமும் உள்ள பிரான்ஸில் ஆண்டுக்குச் சுமார் எட்டு லட்சம் காட்டுப்பன்றிகள் சுடப்படுகின்றன. அங்கே ரைஃபிள் குண்டுக்கு நூறு மீட்டரில் 1000 ஜூலாவது ஆற்றல் இருக்க வேண்டும். சில பகுதிகளுக்கான விலக்கு தவிர, பெரிய விலங்கின் மீது ரவைத் தோட்டாவுக்கு இடமில்லை.

நம்மிடம் பொருந்தும் கருவி இல்லாமல் இல்லை. .303 போன்ற ராணுவ அளவுகள் பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற காலனி ஆட்சிக் காலக் கவலை சுதந்திரத்துக்குப் பின்னும் நம் ஆயுதச் சட்டத்தில் தொடர்ந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் புழக்கத்துக்கு வந்தது. கனமான, மென்னுனிக் குண்டு போடும் துப்பாக்கி அது. அறுபது எழுபது மீட்டருக்குள் பன்றிக்குத் தாராளமாகப் போதும். அதே தொழிற்சாலையின் .30-06 இன்னும் தெளிவான தேர்வு. அதன் 11.7 கிராம் குண்டு நூறு மீட்டரிலும் 3000 ஜூலுக்கு மேல் ஆற்றல் வைத்திருக்கும். 12 போரைத்தான் எடுக்க வேண்டிய கட்டாயம் என்றால் ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டு, நாற்பது மீட்டருக்குள் மட்டும் சுடலாம். எல்.ஜி. வேண்டாம் என்று விதியிலேயே எழுதிவிடலாம்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஆபத்து பற்றியது. ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டரைத் தாண்டியும் பாயும், நம் வயல்களிலோ எப்போதும் யாராவது நடமாடுவார்கள், ரவைத் துப்பாக்கிதானே பாதுகாப்பு என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2020 டிசம்பரில் தென்மேற்கு பிரான்ஸில் தன் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் பன்றி என்று தவறாக நினைத்துச் சுடப்பட்டு இறந்தார். அந்த நாடே அதிர்ந்தது. ஆனால் அங்கே தவறு துப்பாக்கியின் வீச்சில் இல்லை. எதைச் சுடுகிறோம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விசையை இழுத்ததில் இருந்தது. மரத்தின் மேலோ பரணிலோ இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு விலங்கைத் துளைத்தாலும் மண்ணில் புதைந்துவிடும். சமதளத்தில் நின்றுகொண்டு, ஓடுகிற பன்றியை நோக்கிச் சுடுவதைத் தடை செய்தால் பாதி ஆபத்து போய்விடும். மீதிப் பாதி பயிற்சியால் போகும்.

துப்பாக்கி ரகம் பேசுவது வேட்டை ஆசையைத் தூண்டும் என்று விலங்கு நேயர்கள் அஞ்சுகிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடியது சரி, அது மூடியே இருக்கட்டும். ஆனால் வயலோரத்தில் இப்போது நடப்பது என்ன? இரைக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிச் சாகின்றன விலங்குகள். திருட்டு மின்வேலியில் 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் மாண்டன. மனிதர்களும் அப்படிச் செத்திருக்கிறார்கள். முறையான துப்பாக்கி ஒரு விலங்கை மட்டும், பார்த்துத் தேர்ந்து வீழ்த்தும். அவுட்டுக்காயும் மின்கம்பியும் யார் வந்தாலும் கொல்லும்.

சுடுவதால் பன்றித் தொகை குறையாது என்றும் சொல்கிறார்கள். உண்மைதான். ஓர் ஈற்றில் நாலைந்து குட்டி போடும் இனம் அது. எட்டு லட்சம் சுட்டும் பிரான்ஸ் இன்னும் பன்றியோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பயிரைக் காப்பதில் முதல் இடம் சூரிய மின்வேலிக்கும், காலத்தோடு கிடைக்கும் இழப்பீட்டுக்கும்தான். சுடுவது என்பது ஒரு குறிப்பிட்ட வயலைத் திரும்பத் திரும்ப அழிக்கிற சில விலங்குகளை அகற்றும் கடைசி வழி. எண்ணிக்கையைக் குறைப்பது நோக்கம் இல்லை என்றால் நிறையச் சுட வேண்டிய தேவையும் இல்லை. சுடும் சில குண்டுகள் சரியாக விழ வேண்டும் என்ற தேவைதான் மிஞ்சுகிறது. வனக்காவலருக்கு நல்ல ரைஃபிள் வாங்க ஆகும் செலவையும், ஆண்டுதோறும் குறிபார்க்கும் பயிற்சிக்கு ஆகும் தோட்டாச் செலவையும் பெரிதாகப் பேசுவது, இந்தத் தேவையைப் புரிந்துகொள்ளாமல் பேசுவது. பன்றி வேட்டைக்கே பேர்போன கோம்பை நாய் நம் மண்ணில் இருக்கிறது. காயப்பட்டதைக் கயிற்றில் பிடித்துத் தேடப் பழக்கினால் ஸ்வீடன்காரர்களிடம் கடன் வாங்க வேண்டியதில்லை.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். சுடும் உத்தரவு ஒவ்வொன்றிலும் துப்பாக்கி அளவு, குண்டு வகை, அதிகபட்சத் தூரம், சுடும் இடத்தின் உயரம், சுடுபவரின் அந்த ஆண்டுத் தேர்ச்சிச் சான்று ஆகியவற்றை எழுதுங்கள். எத்தனை குண்டு சுடப்பட்டது, எத்தனை விலங்கு அங்கேயே விழுந்தது, எத்தனை காயத்தோடு ஓடியது என்ற கணக்கை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.