இஸ்மாயில் "யூதப் பேரா"?



இஸ்மாயில் என்பது அரபுப் பெயரே இல்லையாம், யூத மொழியாம், பிள்ளைக்கு வைக்க வேண்டாமாம். ஊரில் இப்படியும் ஒரு பேச்சு. காஸாவைப் பார்த்து மனம் எரிகிற காலம், அந்தக் கோபம் நமக்கும் உண்டு. அதைக் கொண்டுபோய் ஒரு நபியின் பெயரில் இறக்குவதைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

முதல் பாதி உண்மைதான். அரபு இலக்கணக்காரர்களே இதை அஜமிப் பெயராகத்தான் கணக்கெடுத்தார்கள். அதனால்தான் குர்ஆனில் இதற்குத் தன்வீன் வருவதில்லை. நஹ்வு ஓதிய பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

ஹீப்ருவில் யிஷ்மாஏல். "யிஷ்மா" என்றால் கேட்கிறான், "ஏல்" என்றால் இறைவன். வேதக்காரர்களிடம் இன்றுள்ள தவ்றாத்தில், வயிற்றில் பிள்ளையோடு வனாந்தரத்தில் நின்ற ஹாஜர் (அலை) அவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்பவர் ஒரு வானவர். அவருடைய துயரத்தை இறைவன் கேட்டுவிட்டான் என்பதே அங்கு சொல்லப்படும் காரணம். பிறகு தண்ணீர் முடிந்து பிள்ளை தவிக்கும் இடத்திலும் அதே வினைச்சொல்தான் வருகிறது.

அந்த வேர்தான் அரபியில் "ஸமிஅ". சூரா இப்ராஹீம் 39ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். முதுமையில் இஸ்மாயிலையும் இஸ்ஹாக்கையும் தந்ததற்குப் புகழ்ந்த கையோடு, தன் ரப்பை துஆவைச் செவியுறுபவன் என்கிறார்கள் இப்ராஹீம் (அலை). பகரா 127இல் வாப்பாவும் மகனும் கஃபாவின் அத்திவாரத்தை உயர்த்தும்போது அழைப்பதும் "அஸ்ஸமீஃ" என்றுதான். பெயரும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில். எத்தனை தரம் ஓதியிருப்போம்!

யூதர்களும் இந்தப் பெயரை வைத்தார்கள்தான். ஜெரூசலம் வீழ்ந்த பிறகு ஆளுநர் கெதலியாவைக் கொன்றவன் ஓர் இஸ்மாயில். வேதத்தை விளங்க 13 விதிகள் யாருடைய பெயரில் வழங்குகின்றனவோ, அந்த 2ஆம் நூற்றாண்டு ரப்பியும் ஓர் இஸ்மாயில். அதற்காக நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? மொழி பார்த்துத் தள்ளுவதென்றால் யஃகூபும் யூசுஃபும் போக வேண்டும். வரவு இடாப்பில் பாதிப் பேர் மிஞ்ச மாட்டார்கள்.

நமக்குள்ள கவலை வேறு. எம்.ஐ.எம். என்று எழுதும் பிள்ளையிடம் அந்த "ஐ" என்னவென்று கேட்டால் முழிக்கிறது. சில வீட்டில் அது இப்ராஹீம், சில வீட்டில் இஸ்மாயில். மூத்தவாப்பாவின் பெயர் ஓர் எழுத்தாய்ச் சுருங்கிக் கிடக்கிறது. இன்றிரவு சோறு தின்னும்போது பிள்ளைக்கு அந்தப் பெயரை முழுசாய்ச் சொல்லுங்கள், பொருளையும் சேர்த்து.